‘முறையடுக்கு’: ஆடுபுலி ஆட்டத்தின் கணினி வடிவத்துக்கு ஓர் அலகுச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆடுபுலி ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் நம் பணியில் காய், வெட்டு, அடைப்பு ஆகியவற்றுக்குச் சொல் தேடும் தேவையே எழவில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் திண்ணையில் ஆடும் பெரியவர்களின் பேச்சிலிருந்தே அவற்றை எடுத்துக்கொண்டோம். கணினி எவ்வளவு தொலைவு முன்னோக்கிப் பார்க்கிறது என்பதை அளக்கும் அலகுக்கு மட்டும், அதாவது ஆங்கிலத்தில் ‘பிளை’ எனப்படுவதற்கு, இன்னும் சொல் அமையவில்லை. ஒருவர் ஒரு தடவை ஆடி, வாய்ப்பை எதிராளியிடம் விடுவது ஒரு பிளை. சதுரங்கத்தில் வெள்ளையும் கருப்பும் ஆளுக்கொரு தடவை ஆடினால்தான் ஒரு நகர்த்தல் என்று எண்ணுவது வழக்கம் என்பதால், அதில் ஒருவர் பங்கை மட்டும் குறிக்கத் தனிச்சொல் வேண்டியிருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்துகொண்டு செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஆடும் நிரலை எழுதிய ஆர்தர் சாமுவேல் 1959இல் வெளியிட்ட கட்டுரையின் வழியாக அச்சொல் துறையில் நிலைபெற்றது.

ஓர் அலகின் பெயருக்காக இத்தனை கடிதங்கள் வேண்டுமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்றே நினைக்கிறேன். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் சதுரங்க நிரலைப் பற்றி எழுதியபோது, ஒரு நிலையில் ஒருவருக்கு ஏறத்தாழ 30 வழிகள் இருக்கும் என்றும், இருவரும் ஒரு தடவை ஆடினால் அவை ஏறத்தாழ ஆயிரமாகும் என்றும், 40 நகர்த்தல் கொண்ட ஆட்டத்துக்கு 1-க்குப் பின்னால் 120 பூச்சியங்கள் கொண்ட எண் வரும் என்றும் கணக்கிட்டார். அந்தக் கணக்கில் நகர்த்தல் 40, பிளை 80. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டு நிரல் எழுதுபவருக்குக் காத்திருக்கும் நேரம் வெறுமனே இரு மடங்கு ஆவதில்லை. பார்க்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கையே தன்னாலேயே பெருக்கப்படுகிறது.

நம் பலகையிலேயே இதைப் பார்க்கலாம். உச்சியில் ஒரு புள்ளி, மூன்று குறுக்குக் கோடுகளில் தலா ஆறு, அடியில் நான்கு என மொத்தம் 23 புள்ளிகள். மூன்று புலிகள் நிற்கும்போது ஓர் ஆட்டை வைக்க அதிக அளவாக 20 இடங்கள் உண்டு. எந்தப் புள்ளியிலிருந்தும் நான்கு திசைகளுக்கு மேல் கோடு இல்லை. ஒவ்வொரு திசையிலும் புலி நகரலாம் அல்லது தாண்டி வெட்டலாம், இரண்டும் சேர்ந்து நிகழாது. ஆகவே மூன்று புலிகளுக்கும் சேர்த்து 12 வழிகளுக்கு மேல் இருக்க முடியாது. தொடக்கத்தில் நான்கு பிளை பார்க்க வேண்டுமானால் 20, 12, 20, 12 என்று பெருக்கி, 57,600 இறுதி நிலைகளுக்குள் கணினி வேலையை முடித்துவிடும். அதையே நான்கு நகர்த்தல் என்று புரிந்துகொண்டால் 57,600-ஐ 57,600-ஆல் பெருக்க வேண்டும். அது முந்நூறு கோடிக்கும் மேல்.

வந்துள்ள பரிந்துரைகளுக்கு வருகிறேன். தண்டையார்பேட்டை நண்பர் சொன்ன ‘அரைநகர்வு’ சதுரங்கத்துக்குப் பொருந்தும், நம் ஆட்டத்துக்குப் பொருந்தாது. பதினைந்து ஆடுகளையும் வைத்து முடிக்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்பது நாம் எடுத்துக்கொண்ட விதி. ஆட்டுக்காரர் முதலில் தொடங்கினால் கடைசி ஆடு பலகைக்கு வருவது 29ஆம் தடவையில். ஓர் ஆடு முதன்முதலாக நகர்வது 31ஆம் தடவையில்தான். ஆடுகளின் நகர்வே இல்லாத இவ்வளவு நீண்ட பகுதியை அரைநகர்வுகளால் அளப்பது முறையாகாது.

‘முறை’ நல்ல சொல். ‘உன் முறை’ என்பது எல்லோருக்கும் புரியும். வியாசர்பாடியில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் ‘உன் சான்ஸ்’ என்கிறார்கள், பொருள் ஒன்றே. ஆனால் ‘ஆறு முறை தேடு’ என்று எழுதினால் ஆறு தடவை தேடு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நம் நிரலோ ஆழத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டித் திரும்பத் திரும்பத் தேடும் உத்தியைக் கையாள்கிறது. தேடும் தடவையும் தேடலின் ஆழமும் அடுத்தடுத்த வரிகளில் வரும் இடத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பது ஆபத்தானது. ‘அடி’ என்றால் நீளத்தின் அளவு குறுக்கே வருகிறது. ‘படி’ நம் ஆவணங்களில் ஏற்கனவே செயல்முறையின் படிக்கு வழங்குகிறது.

‘பிளை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று மணலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கடன்சொல் என்பதற்காக அதை நான் மறுக்கவில்லை. அது ‘பிளே’யோடு குழம்பும், தவிர, இங்குள்ள லாரிப் பட்டறைகளில் ‘பதினாறு பிளை டயர்’ என்பது அன்றாடப் பேச்சு. அந்தப் பேச்சே எனக்கு வழியும் காட்டியது. டயரிலும் ஒட்டுப்பலகையிலும் பிளை என்பது அடுக்கு. வாரியக் குடியிருப்புகள் நிறைந்த நம் பகுதியில் அடுக்குமாடி என்ற சொல்லை அறியாதவர் இல்லை. ‘ஆறடுக்கு’ என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு என்பது விளக்கமின்றியே விளங்கும்.

பெரம்பூரில் கணிதம் கற்பிக்கும் அம்மையார், பாடநூலில் எண்ணின் அடுக்கு என்று ஒன்று இருக்கிறதே, மாணவர்கள் குழம்ப மாட்டார்களா என்று கேட்டார். இந்த இடத்தில் அதுவே இச்சொல்லின் பெரிய வலிமை என்று கருதுகிறேன். ஒரு நிலையில் 10 வழிகள் இருந்தால் ஆறடுக்குத் தேடலில் வரும் நிலைகள் 10-இன் ஆறாம் அடுக்கு; தேடலின் அடுக்கும் எண்ணின் அடுக்கும் அங்கே ஒரே எண். ஆல்ஃபா-பீட்டா முறையில் பயனற்ற கிளைகளைக் கழித்துவிட்டால், நல்ல வழிகளை முதலில் பார்க்கும் சிறந்த நிலையில் அந்த அடுக்கு ஏறத்தாழப் பாதியாகிறது என்பதை 1975இல் கணினி அறிஞர்கள் குனூத்தும் மூரும் விரிவாக ஆராய்ந்து எழுதினர். அதாவது, கிளைகளைக் கழிக்காமல் ஆறடுக்குக்கு ஆகும் உழைப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உழைப்பில் பன்னிரண்டடுக்கு வரை பார்க்கலாம். இதை வேறெந்தச் சொல்லைக் கொண்டும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல இயலவில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து எடுக்கும் ‘ஸ்டாக்’ அமைப்பையும், நரம்பு வலைப்பின்னலின் ‘லேயர்’ என்பதையும் தமிழில் அடுக்கு என்று எழுதுபவர்கள் பலர். நம் நிரலில் முதலாவது இப்போதே இருக்கிறது. இரண்டாவது பின்னால் வரக்கூடும். ஆதலால் சொற்பட்டியலிலும் நிரலின் மாறிப் பெயர்களிலும் ‘முறையடுக்கு’ என்ற முழு வடிவம் இருக்கட்டும். எண்ணோடு சேரும்போது ஓரடுக்கு, ஈரடுக்கு, மூவடுக்கு, நாலடுக்கு என்று சுருங்கட்டும். திரையில் ஆடுபவருக்கு ‘உங்கள் முறை’ என்று மட்டும் காட்டினால் போதும். அடுக்கு என்ற சொல்லை அவர் கணினியின் திறனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கண்டால் போதுமானது.

வரையறை இவ்வாறு அமையலாம்: ‘ஆடும் வாய்ப்பு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் வரை நிகழ்வது ஒரு முறையடுக்கு.’ வைப்பு, நகர்வு, வெட்டு மூன்றும் இதில் அடங்கும். சில வீடுகளில் புலி ஒரே வாய்ப்பில் இரண்டு, மூன்று ஆடுகளைத் தொடர்ந்து வெட்ட விடுவதுண்டு. அந்த விதியை நாம் பின்னர்ச் சேர்த்தாலும், வாய்ப்பு கைமாறாததால் அத்தனை வெட்டும் சேர்ந்து ஒரே அடுக்காகும். வழிகள் கிளைகிளையாக விரியும் தேடல் மரத்தில் ஆட்டுக்காரர் ஆடும் தளங்களை ஆட்டடுக்கு என்றும், புலிக்காரர் ஆடும் தளங்களைப் புலியடுக்கு என்றும் குறித்தால், மதிப்பைக் கூட்டப் பார்ப்பவர் யார், குறைக்கப் பார்ப்பவர் யார் என்பதும் பெயரிலேயே தெரிந்துவிடும். இதில் மறுப்புடையவர்கள், நிரலிலிருந்து ஓரிரு வரிகளை இச்சொல்லைக் கொண்டு எழுதிப் பார்த்து, எந்த இடத்தில் இடறுகிறது என்று குறிப்பிட்டு எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.