முன்னால் மூன்று ரிங் வைத்திருப்பவன் முட்டாளா?

காரவள்ளி ஏத்தம்: நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பின் சக்கரத்தில் ஏழு கியர் ஃப்ரீவீல் (திருகி மாட்டுகிற பல்சக்கரக் கொத்து) போட்ட மவுண்டன் பைக், கையில் எட்டாயிரம் ரூபாய், முதலில் எதை மாற்றலாம் என்று. அதற்கு ‘ஒத்தை ரிங்’ என்கிற மேதை, முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்சக்கரம், அதாவது ரிங், மூன்று வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவன் இன்னும் 1995-இல் இருக்கிறான், கழற்றிக் கடாசிவிட்டு 32 பல்லில் ஒரே ரிங் போடு என்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. முன்னால் 24 பல், பின்னால் 34 பல். கால் ஊன்றாமல் ஏறியிருக்கிறேன். வயது 51. நான் எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்று மேதையே சொல்லட்டும்.

ஒத்தை ரிங்: அண்ணா, வயதுக்கு மரியாதை. கணக்கு வேறு. என் வண்டியில் முன்னால் 32, பின்னால் 51. வகுத்தால் 0.63; எண் குறையக் குறைய மிதி லேசு. உங்கள் 24-ஐ 34-ஆல் வகுத்தால் 0.71. மூன்று ரிங், இரண்டு ஷிஃப்டர், செயினை ரிங் மாற்றித் தள்ளுகிற முன் டிரெய்லியர், அதற்கொரு கேபிள் என்று அத்தனையும் சுமந்துகொண்டு போய், கடைசியில் என்னைவிடக் கனமான கியரைத்தான் மிதிக்கிறீர்கள்.

காரவள்ளி ஏத்தம்: கால்குலேட்டர் மலை ஏறாது தம்பி. 24, 34. கால் ஊன்றவில்லை.

செம்பருத்தி: அந்தத் தம்பியிடம் 51 எங்கே இருக்கிறது? அவருடையது 14-28 ஃப்ரீவீல். சின்ன ரிங் 24 என்றால் இப்போது 0.86-இல் ஏறுகிறார். 32 மட்டும் போட்டால் 1.14. அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவார். 51 பல் கேசட் (திருகாமல் செருகி மாட்டுகிற பின் பல்சக்கரக் கொத்து) அந்தத் திருகு ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், உட்காரவே உட்காராது, பின் வீலையே மாற்ற வேண்டும். ஷிமானோ டியோர் 12 ஸ்பீடு 10-51 என்றால் மைக்ரோ ஸ்ப்லைன் என்கிற தனி வகை ஹப். வீல், கேசட், செயின், டிரெய்லியர், ஷிஃப்டர் எல்லாம் எட்டாயிரத்தில் முடித்துக் காட்டுங்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒத்தை ரிங்: நான் பொதுவாகச் சொன்னேன். 2012-இல் ஸ்ராம் கம்பெனியின் ஒற்றை ரிங் செட் எக்ஸ்எக்ஸ்1 வந்த அன்றே முன் டிரெய்லியருக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. இன்று காட்டுத் தடத்தில் ஓட்டுகிற எந்த நல்ல டிரெயில் வண்டியில் மூன்று ரிங் வருகிறது? ஒன்று காட்டுங்கள்.

செம்பருத்தி: பொதுவாகவா? தம்பி கேட்டது அவர் வண்டியைப் பற்றி.

கோவை புழுதி: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கொல்லிமலை தார் ரோடு. பால்காரர் எக்ஸ்எல்லில் போகிற ரோட்டில் ஏறிவிட்டு அதை மவுண்டன் பைக்கிங் என்கிறீர்களே. கல்லும் வேரும் கிடக்கிற தடத்தில் வாருங்கள், மூன்று ரிங்கில் செயின் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணலாம்.

காரவள்ளி ஏத்தம்: பால்காரர் எக்ஸ்எல்லில் போகட்டும், நான் காலால் போகிறேன். 70 வளைவு. நீங்கள் எத்தனை?

கோவை புழுதி: நான் வளைவு எண்ணுவதில்லை சார்.

காரவள்ளி ஏத்தம்: எண்ணுகிற அளவுக்கு ஏறியிருந்தால்தானே.

ஒத்தை ரிங்: செயின் பேச்சு வந்துவிட்டது, இனி அடக்கிக்கொள்ள முடியாது. என் ரிங்கில் ஒரு பல் தடிமன், அடுத்தது மெல்லிசு, அப்படியே மாறி மாறி வரும். செயினில் அகலக் கண்ணி, குறுகல் கண்ணி இரண்டிலும் அளவாக உட்காரும். பின் டிரெய்லியரில் செயினை இறுக்கிப் பிடிக்கிற கிளட்ச். வண்டி குதித்தாலும் செயின் குதிக்காது. ஆனால் போன டிசம்பரில், 43-ஆம் வளைவுப் பலகைக்குக் கீழே, ஒருவருடைய செயின் சின்ன ரிங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் புகுந்து இறுகிக்கொண்டது. பெயின்ட் உரிந்து அலுமினியம் பளபளத்தது. குச்சியால் நெம்பி எடுத்தது யார், பக்கத்தில் நின்று வியர்வை துடைத்தது யார்? நின்றவருக்குக் கால் தரையில் இருந்ததா, இல்லை மிதந்தாரா?

காரவள்ளி ஏத்தம்: அது 43 இல்லை, 47.

ஒத்தை ரிங்: சரி, 47. கால்?

காரவள்ளி ஏத்தம்: செயின் விழுந்து இறங்குவது வேறு, முடியாமல் கால் ஊன்றுவது வேறு. இது சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். அன்று செயினில் சேறு. ஜனவரியில் தனியாகப் போனேன், ஒரு இடத்திலும் இறங்கவில்லை. 24, 34.

கோவை புழுதி: தனியாகப் போனதற்கு சாட்சி குரங்குகளா?

காரவள்ளி ஏத்தம்: ஆமாம். உங்களைவிட நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

செம்பருத்தி: சண்டையை நீங்கள் தொடருங்கள். தம்பி, உங்கள் பணத்துக்கு முதலில் இரண்டு நல்ல டயர், புது பிரேக் பேட். டியூப்தான் என்றால் காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள், ரொம்பவும் இறக்காதீர்கள். இறக்கினால் கல்லில் இடிக்கும்போது ரிம் டியூபைக் கடித்து பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். முன் ரிங்கைத் தொடவே வேண்டாம்.

ஒத்தை ரிங்: டியூபா? டியூப்லெஸ் போடச் சொல்லுங்கள் அக்கா. இதுவும் 1995 ஆலோசனை.

செம்பருத்தி: உங்களுக்கு வேறு வருஷமே தெரியாதா? அவர் ரிம்மைப் பார்த்தீர்களா? நேற்று ஹப்பையும் பார்க்காமல்தான் சொன்னீர்கள்.

புதுச் சைக்கிள்: அக்கா, ரொம்ப நன்றி. என் சின்ன ரிங் 24-ஆ 28-ஆ என்று எப்படிப் பார்ப்பது? எழுத்து அழிந்திருக்கிறது.

காரவள்ளி ஏத்தம்: பல்லை எண்ணுங்கள் தம்பி. சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்து எண்ணுங்கள், குழப்பம் வராது. 24 என்றால் கொண்டாடுங்கள்.

ஒத்தை ரிங்: 24 என்றால் டிசம்பரில் குச்சி எடுத்துக்கொண்டு போங்கள்.

காரவள்ளி ஏத்தம்: குச்சியைப் பற்றிப் பேசுகிறவர் அன்று என் பையிலிருந்து எடுத்த செயின் கட்டரைப் பற்றியும் பேசட்டும். ஐந்து மாதம் ஆகிறது.

ஒத்தை ரிங்: அதை செம்மேட்டிலேயே திருப்பிக் கொடுத்தேன், டீக்கடை பெஞ்சில்.

காரவள்ளி ஏத்தம்: பெஞ்சிடம் கொடுத்தீர்களா, என்னிடமா?

கோவை புழுதி: அதே பெஞ்சில் என் பம்ப்பும் இருந்தது. அது யாரிடம் இருக்கிறது?