நடுநிலைப் பள்ளி நூலகத்துக்கு 13,000 ரூபாய்: எந்தப் புத்தகங்களை வாங்குவது?

மூணாங்கிளாஸ் டீச்சர்:
வணக்கம். 1 முதல் 8 வரை உள்ள பள்ளி, 140 பிள்ளைகள். நூலகப் பொறுப்பு என்னிடம். இந்த ஆண்டு புத்தகம் வாங்க 13,000 ரூபாய் இருக்கிறது. அலமாரியில் ஏற்கெனவே 600 புத்தகங்கள் உண்டு, பாதியைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. விற்பனையாளர் ஒருவர் 100 புத்தகம் கொண்ட செட் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? நல்ல பட்டியல் இருந்தாலும் கொடுங்கள்.

அலமாரி:
செட் வேண்டாம் டீச்சர். பொன்மொழி, பொது அறிவு, கட்டுரைத் தொகுப்பு என்று உங்கள் அலமாரியில் தூங்குகிற அதே வகைதான் அதிலும் பெரும்பாலும் இருக்கும். பட்டியலும் அப்புறம்தான். முதலில் வழங்கல் பதிவேட்டை எடுத்து, இரண்டு வருஷத்தில் ஐந்து தடவைக்கு மேல் போன புத்தகங்களைக் குறியுங்கள். எத்தனை பக்கம், படம் உண்டா, கதையா தகவலா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் தரும் பட்டியல் அதுதான்.

பணத்தை ஒரே மூச்சில் செலவழிக்காதீர்கள். 1–3 வகுப்புக்குச் சுமார் 50 ரூபாயில் 60 மெல்லிய படக்கதைகள், 4–5க்கு 70 ரூபாயில் 45, 6–8க்கு 120 ரூபாயில் 30. மொத்தம் 9,750. மீதி 3,250ஐ இரண்டு மாதம் கழித்து, பிள்ளைகள் கேட்டு எழுதிப் போட்ட சீட்டுகளைப் பார்த்துச் செலவிடுங்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, அதனால் முதல் சுற்றை டிசம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.

60 என்றால் 60 தலைப்பு என்று அர்த்தமில்லை. 20 தலைப்பு, மூன்று மூன்று பிரதி. ஒரே கதையை மூன்று பேர் ஒரே வாரத்தில் படித்தால்தான் வகுப்பில் பேச்சு கிளம்பும்.

பக்கம் 32:
புத்தகத்தைக் கையில் எடுக்காமல் வாங்காதீர்கள். அட்டை ஏமாற்றும். நடுப்பக்கத்தைத் திறந்து எழுத்தைப் பாருங்கள். சில எழுத்துருக்களில் ‘ர’வும் துணைக்காலும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். ‘பாரம்’ என்ற சொல்லில் எது கால், எது ர என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை அங்கேயே நின்றுவிடும். படத்தின் மேலேயே அச்சடித்த எழுத்து, பூ வேலை செய்த எழுத்து இரண்டையும் சின்ன வகுப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது சொல். ‘போகவேண்டியிருந்ததனால்’ என்று ஒட்டி அச்சடித்தால் இரண்டாம் வகுப்புக்கு அது மலை. ‘போக வேண்டி இருந்தது’ என்று பிரித்திருந்தால் ஏறிவிடுவார்கள். அந்த வகுப்புக் குழந்தை ஒருவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தடுமாறினால் அது மேல் வகுப்புக்கு. மொழிபெயர்ப்பு நூல் என்றால் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு இடறும் இடத்தில் பிள்ளைக்கும் இடறும்.

கதையையும் முழுசாகப் படியுங்கள். அம்மா எப்போதும் அடுப்படியிலேயே நிற்கிறாரா, கறுப்பு நிறத்தையோ உடல் குறையையோ வைத்துச் சிரிக்கிறார்களா என்று பார்த்தால் போதும், பல புத்தகங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த, எளிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால் அவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் புத்தகம் குறைவோ அதை முதலில் நிரப்புங்கள். குழந்தைகள் நூல் பதிப்பகமான ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம், திறந்த உரிமம்தான். ‘நுழை’க்குப் பணமே செலவாகாமல் கொஞ்சம் சேரும்.

மூணாங்கிளாஸ் டீச்சர்:
நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், அதிகம் போனதெல்லாம் 24 பக்கத்துக்குள்தான். ஆனால் மெல்லிய புத்தகம் சீக்கிரம் கிழிகிறது, அலமாரியில் கண்ணுக்கும் தெரிவதில்லை. பெற்றோர் யாராவது ஒரு புத்தகத்தை ஆட்சேபித்தால் என்ன செய்வது?

அலமாரி:
24 பக்கப் புத்தகத்துக்கு முதுகு கிடையாது, அடுக்கினால் மறையத்தான் செய்யும். சுவரில் மூன்றடி உயரத்தில் கயிறு கட்டி, அட்டை தெரிகிற மாதிரி கிளிப்பில் தொங்கவிடுங்கள். வாரம் ஒரு தடவை மாற்றுங்கள்.

வாங்கும்போதே ஸ்டேப்ளர் பின் நடுமடிப்பில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தள்ளி விழுந்தால் நடுத்தாள் முதலில் கழன்று வரும். பசை ஒட்டிய தடிமன் புத்தகத்தை நன்றாக விரியுங்கள், ‘படக்’கென்று சத்தம் வந்தால் ஒரு பருவம் தாங்காது. கிழிந்ததை செலோடேப்பால் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிப் பிசுபிசுத்து எழுத்தையும் தின்றுவிடும். வெள்ளைப் பசையும் மெல்லிய தாளும் போதும்.

ஆட்சேபத்துக்கு ஒரு பக்கத்தில் தேர்வு விதி எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். புத்தகம் எந்த வகுப்புக்கு, ஏன் வாங்கினோம் என்று அதில் இருக்கட்டும். ஆட்சேபம் வந்தால் தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியரும் ஒரு பெற்றோரும் முழுசாகப் படித்து 15 நாளில் எழுத்தில் பதில் சொல்வார்கள். அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். நன்கொடைப் புத்தகத்துக்கும் இதே விதிதான். பழைய நோட்ஸ் கட்டை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பக்கம் 32:
ஒன்று விட்டுப்போச்சு. கிழிந்ததற்குப் பிள்ளையிடம் அபராதம் வாங்காதீர்கள் டீச்சர். அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை நூலகப் பக்கமே வராது. மாதக் கடைசியில் கிழிசலைத் தனியாக எடுத்து, ஒட்ட முடியாததை இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்து, தலைமையாசிரியர் கையெழுத்துக்கு வையுங்கள். இரண்டாம் சுற்றில் அதே தலைப்பை முதலில் வாங்குங்கள்.