முன்பக்க உருளலில் இடது தோள் இடிக்கிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம். பெரியவர்களுக்கு ஐகிடோ (ஜப்பானியத் தற்காப்புக் கலை) சொல்லித்தருபவர்களிடம் ஒரு சந்தேகம். மாயே உகேமி, அதாவது முன்பக்க உருளல், வலப்பக்கம் என் வகுப்பில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. இடப்பக்கம் உருண்டால் தோள்மூட்டின் நுனி பாயில் ‘டொம்’மென்று இடிக்கிறது. பாய் 40 மி.மீ. தடிமன்தான், அதில் குறையில்லை. கடைசி நொடியில் முழங்கை மடிந்துவிடுகிறது. தாடை எதிர்த்தோள் பக்கம் ஒடுங்காமல் தலை நேராகக் குனிகிறது. சுண்டுவிரல் ஓரம், முன்கை, தோளின் பின்புறம், அங்கிருந்து முதுகில் குறுக்காக எதிர் இடுப்பு என்று ஓடவேண்டிய கோடு தோளிலேயே அறுந்துபோகிறது.

ஒரு முழங்காலை ஊன்றி உருண்டால் பிரச்சினையே இல்லை. நின்றபடி என்றதும் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், உடம்பு விறைத்துவிடுகிறது. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் என்ன பயிற்சி வைக்கிறீர்கள்? ஜோ கழியைப் பிடித்தபடி உருளவைத்தால் கை வளைவு நிற்குமா?

இன்னொன்று: ஃபுரிதமா. ஜப்பானின் ஷின்தோ மதத்தில் மிசோகி என்ற தூய்மைச் சடங்கு வழக்கத்திலிருந்து ஐகிடோவை நிறுவிய உயேஷிபா மொரிஹேய் எடுத்துக்கொண்டது. தொப்புளுக்குக் கீழே கைகளைக் குவித்துக் குலுக்குவது. பலரும் வார்ம்-அப் என்று நினைத்து அவசரமாக முடிக்கிறார்கள். உருளலுக்குச் சற்று முன் அதை நிதானமாகச் செய்யவைத்தால் மூச்சுப்பிடிப்பு தளருமா? எவ்வளவு நேரம்?

வீடியோ லிங்க் வேண்டாம். வகுப்பில் செய்து பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.