கியோத்தோவில் இருந்து குமகாவா: ஒரு நாள் செலவழிக்கலாமா?

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் கியோத்தோவில் ஐந்து நாள் இருப்போம். தினமும் கோயிலா என்று வீட்டில் இப்போதே முணுமுணுப்பு. கடலோர ஒபாமாவில் இருந்து கியோத்தோவுக்கு மீன் சுமந்து வந்த சபா கைடோ என்ற வணிகப் பாதையில் குமகாவா என்று பழைய ஊர் ஒன்று அப்படியே இருக்கிறதாமே, போகலாமா? அப்புறம், ஐஸ் இல்லாத காலத்தில் மீன் எப்படித் தாங்கியது?

கருவாட்டுப்பானை:
உப்புதான், வேறென்ன! சபா என்பது நம் கானாங்கெளுத்தியின் சொந்தக்கார மீன், கரைக்கு வந்ததும் நாறத் தொடங்கிவிடும். உப்பைத் தடவி முதுகில் ஏற்றி, 18 ரி, அதாவது 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ராப்பகலாக நடந்து கியோத்தோ சேரும்போது உப்பு பதமாக இறங்கியிருக்கும். அங்கே திருவிழா என்றால் சபா சுஷி வந்ததே இப்படித்தான். உப்பிட்ட சபாவைத் தவிட்டில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் ஹெஷிகோவையும் விட்டுவிடாதீர்கள், சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

மழைக்குடை:
நான் போயிருக்கிறேன். தெரு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வீட்டு வாசல்களை ஒட்டிக் கல் கட்டிய வாய்க்காலில் தண்ணீர் விறுவிறுவென்று ஓடுகிறது, அதில் பீப்பாய் மாதிரி ஒரு சின்ன மரச்சக்கரம். உள்ளே சேப்பங்கிழங்கைப் போட்டு வைத்துவிட்டால் தண்ணீர் சுற்றச் சுற்ற கிழங்குகள் ஒன்றோடொன்று உரசித் தோல் கழன்றுவிடும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். 1589இல் ஒபாமாவை ஆண்ட அசானோ நாகமாசா இந்த ஊருக்கு வரிவிலக்கு கொடுத்தார், நாற்பது வீடு இருந்த இடம் இருநூறு வீடாகிவிட்டது. 1996இல் அரசு பாதுகாக்கும் பழைய ஊர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். குட்சு கிழங்கு மாவில் செய்த இனிப்பு கிடைக்கும், ஆனால் நான் நம்பிப் போன கடை பூட்டிக் கிடந்தது, கையில் ஏதாவது கொண்டுபோங்கள்.

ஏரிக்கரை:
ஒரே பாதை என்று நினைக்காதீர்கள், பல வழிகள் உண்டு. குமகாவா வழியாக வந்த சரக்கில் நிறைய இமாசுவில் படகேறி பிவா ஏரியைக் கடந்தே போனது. நீங்களும் ஓமி இமாசு வரை ரயிலில் போய் பஸ் பிடிக்கலாம், ஆனால் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்றால் கியோத்தோவிலேயே பாதை முடிகிற தெமாச்சியின் கடைத்தெருவில் சபா சுஷி சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதுவும் ஒரு கணக்குதான்.

மழைக்குடை:
சுஷி சாப்பிட்டால் ஊரைப் பார்த்த கணக்கா? நல்லா இருக்கே!

ஊர்சுற்றி:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன், சுஷியை விட கிழங்கு உரிக்கும் சக்கரத்துக்குத்தான் ஓட்டு விழுந்தது. போகிறோம்.