பழைய தார் ஜீப்புக்கு ஃபைபர் ஹார்ட்டாப்: வேலூர் வெயிலுக்குப் போடலாமா, வேண்டாமா?

காட்பாடி_தார்
என்கிட்ட இருக்கறது பழைய மாடல் மஹிந்திரா தார், சிஆர்டிஇ டீசல் இன்ஜின். கேன்வாஸ் டாப், துணிக்கூரைதான். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளடிச்சு மங்கிப்போச்சு. ஏசியை முழுசா வெச்சாலும் பின்னாடி பெஞ்சு சீட்ல உக்கார்ற பசங்களுக்குக் குளிர்ச்சி போகவே மாட்டேங்குது. சத்துவாச்சாரி பக்கம் ஒரு பட்டறையில ஃபைபர் ஹார்ட்டாப், அதாவது கெட்டிக் கூரை, போட்டுத் தர்றேன்றாங்க. வேணும்னா கழட்டிக்கலாமாம். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு நெனைக்கறேன். போட்டவங்க சொல்லுங்க.

ஜவ்வாதுமலை_ரைடர்
வேணாம் பாஸ். அமிர்தி வழியா ஜமுனாமரத்தூர் ஏறும்போது தலைக்கு மேல வானம் தெரியலன்னா அது என்னத்துக்குத் தார்? பேசாம பொலேரோ வாங்கியிருக்கலாம்.

பாலாத்து_மணல்
மலைக்கு எப்பவோ ஒரு ஞாயித்துக்கிழமை போறீங்க. மீதி நாளெல்லாம் கிரீன் சர்க்கிள்ல வெந்துகினு நிக்கறது யாரு? தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலைன்னு ஊரே நம்மளைக் கிண்டல் பண்ணுது. மே மாசம் 40 டிகிரி தாண்டுற ஊர்ல துணிக்கூரை வெச்சுகினு ஏசி போடறதும் ஒண்ணு, போடாததும் ஒண்ணு. தாராளமா போடுங்க காட்பாடி. பசங்க உங்களை வாழ்த்தும்.

ஸ்பேனர்_செட்
நான் பட்டறைக்காரன், ஆனா ஹார்ட்டாப் விக்கற ஆள் இல்ல. அதனால ரெண்டு பக்கமும் சேராம சொல்றேன். கழட்டலாமா முடியாதான்றது டாப்ல இல்ல, மாட்டற விதத்துல கீது.

கேன்வாஸையும் அதோட கம்பி ஃபிரேமையும் எடுத்துட்டு, பாடியோட மேல் விளிம்பைச் சுத்தமா தொடச்சு ரப்பர் பீடிங்கை, அதான் தண்ணி புகாம தடுக்கற பட்டையை, ஒரே நீளமா ஒட்டணும். மூலைக்கு மூலை வெட்டி ஒட்டினா அங்கதான் தண்ணி எறங்கும். டாப்பை ஆள் வெச்சுத் தூக்கி, முன்பக்கத்தை விண்ட்ஷீல்ட் ஃபிரேம் மேல உக்கார வெச்சு, அப்புறம் பின்னாடி எறக்கணும். நட்டு எல்லாத்தையும் மொதல்ல கையாலயே ஏத்திட்டு, கதவைத் தொறந்து மூடிப் பாருங்க. கதவுக்கும் டாப்புக்கும் நடுவுல இருக்கற சந்து ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தப்புறம்தான் ஸ்பேனரைத் தொடணும். அதுவும் எதிர் மூலை, எதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா. ஒரு பக்கத்தை ஒரேடியா முறுக்கினா பீடிங் நசுங்கும், ஃபைபர்ல ஓட்டையைச் சுத்தி மெல்லிசா விரிசல் வுடும். பெரிய வாஷர் போடலன்னா மலை ரோட்டு ஆட்டத்துல அந்த விரிசல் நீண்டுகினே போகும்.

பாடியில புதுசா ஓட்டை போட்டாங்கன்னா, வெறும் இரும்பு தெரியற எடத்துல பிரைமர் அடிக்காம போல்ட் போட வுடாதீங்க. துரு உள்ள இருந்து தின்னும். வெளிய கொப்புளம் தெரியறப்போ தகடு போயிருக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ஓஸ் பைப்பால தண்ணி அடிச்சுப் பாக்கணும். பெரும்பாலும் மொதல்ல ஒழுகறது விண்ட்ஷீல்டோட மேல் மூலை, டிரைவர் முட்டி மேல சொட்டும். அந்த எடத்துலதான் நெறைய பேர் பீடிங்கை மாத்தாம சிலிக்கான் பசையை அப்பிட்டு வண்டியை அனுப்பிடறாங்க. அப்பிட்டாங்கன்னா கழட்டற பேச்சை மறந்துடுங்க.

ஆர்சி_புக்
யாருமே சட்டத்தைப் பேசலியே? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிச்ச கம்பெனி கொடுத்த விவரத்துக்கு ஆர்சி மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்தமா சொல்லிடுச்சு. அதே வருஷம் அந்தச் சட்டத்துல செஞ்ச திருத்தத்துல 182ஏன்ற பிரிவு வந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். இன்சூரன்ஸ்காரன் கிளெய்ம் அப்போ இதைத்தான் மொதல்ல தேடுவான்.

பாலாத்து_மணல்
போல்ட் கழட்டினா பழைய வண்டி. அது எப்படி சார் மாற்றம் ஆகும்? அந்தக் கணக்குல லக்கேஜ் கேரியர் போட்டவன் எல்லாம் உள்ள போகணும்.

ஆர்சி_புக்
ஆர்சியில பாடி டைப்னு ஒரு கட்டம் இருக்கு, காலி வண்டி எடைன்னு ஒரு கட்டம் இருக்கு. ஹார்ட்டாப் ரெண்டையும் தொடும், கேரியரை இதோட சேர்க்காதீங்க. ரோட்ல வண்டியை நிறுத்தற இன்ஸ்பெக்டர்கிட்ட "கழட்டலாம் சார்"னு சொல்லிப் பாருங்க, அவர் "சரி, கழட்டு"ன்னு சொன்னா அங்கேயே மூணு பேரைத் தேடுவீங்களா? டாப்போட வேணும்னா 2020 அக்டோபர்ல வந்த புது தார் இருக்கு, கம்பெனியே ஹார்ட்டாப் போட்டுத் தருது.

பாலாத்து_மணல்
ஆமா, பசங்களுக்குக் குளிரலன்னு லட்சக்கணக்குல கொட்டிப் புது வண்டி வாங்கணும். நல்லா சொன்னீங்க. சரி, பாதுகாப்பையாவது பாருங்க. துணியை விட ஹார்ட்டாப் சேஃப் தானே?

ஜவ்வாதுமலை_ரைடர்
அங்கதான் எல்லாரும் ஏமாறறீங்க. வண்டி உருண்டா பாரத்தைத் தாங்கறது ரோல் பார்தான், உள்ள வளைச்சு வெச்சிருக்கற இரும்புக் குழாய். ஃபைபர் கூடு நொறுங்கிடும். ஏற்கெனவே உயரமான வண்டி, அதுக்கு மேல எடையை ஏத்திகினு ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவையும் எறங்கிப் பாருங்க, சாயறது இடுப்புல தெரியும். வெயில் விஷயமும் நீங்க சொல்ற மாதிரி இல்ல. உள்ள லைனிங் இல்லாத ஒத்தை ஃபைபர், மூடி வெயில்ல நிறுத்தினா கேன்வாஸை விட மோசம். கேன்வாஸ்னா பக்கத்தைச் சுருட்டி விட்டுடலாம்.

ஸ்பேனர்_செட்
லைனிங் விஷயத்துல ரைடர் சொல்றது சரி. உள்பக்கம் ஃபோம் ஒட்டி, வெளிய வெள்ளைப் பெயின்ட் அடிச்சாதான் ஏசி பிடிக்கும். பக்கக் கண்ணாடி நகர்த்தித் தொறக்கற மாதிரி கேளுங்க. ஃபிக்ஸட் கண்ணாடி விலை கம்மின்னு ஆசை காட்டுவாங்க, மயங்காதீங்க.

காட்பாடி_தார்
எல்லாருக்கும் நன்றி. பட்டறைக்குப் போய் நேரடியா கேட்டேன். கேன்வாஸ் ஃபிரேம் இருந்த பழைய ஓட்டைகளையே வெச்சு மாட்ட முடியுமான்னா "பாத்துக்கலாம் சார்"ன்றார். சிலிக்கான் போடுவீங்களான்னா சிரிக்கறார். ஆர்டிஓ பத்திக் கேட்டா "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க"ன்றார். அட்வான்ஸ் கொடுக்காம வந்துட்டேன். மொதல்ல வேலூர் ஆர்டிஓ ஆபீஸ்ல மனு கொடுத்துக் கேக்கப் போறேன். அதுவரைக்கும் கேன்வாஸுக்கு அடியில ஒரு லைனிங் தைச்சுப் போட்டுப் பாக்கலாமா?

ஸ்பேனர்_செட்
போடலாம். சீட் கவர் தைக்கறவங்களே தைப்பாங்க. பின் ஜன்னல் பிளாஸ்டிக்கையும் அப்படியே மாத்திடுங்க, சின்ன வேலைதான்.

பாலாத்து_மணல்
மே மாசம் நாலாம் தேதி திரும்ப வந்து இங்கயே எழுதுவீங்க, பாக்கறேன்.

ஜவ்வாதுமலை_ரைடர்
எழுதட்டும். ஹார்ட்டாப் போடறதா முடிவு பண்ணா அந்தக் கேன்வாஸ் ஃபிரேமை யாருக்கும் கொடுத்துடாதீங்க காட்பாடி, என் வண்டியில ஒரு கம்பி வளைஞ்சிருக்கு.