அம்புப் புழுவை எந்தக் கிளையில் வைப்பது?

வணக்கம். விலங்குத் தொகுதிகளை இனங்காணும் கிளைப்படம் ஒன்று தயாராகிறது. ஓரிடத்தில் முட்டி நிற்கிறது, தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பஞ்சுயிரிகளைத் தனியே ஒதுக்கியாயிற்று. அடுத்த கேள்வி கருமூல அடுக்கு, அதாவது கருவில் உறுப்புகளுக்கு மூலமாகும் செல் அடுக்குகள் எத்தனை: ஜெல்லி மீன், ஹைட்ராவுக்கு 2, தட்டைப்புழு முதல் மனிதர் வரை 3. சமச்சீரை இதற்கு முன்னால் வைத்தால்தான் வம்பு. வளர்ந்த நட்சத்திர மீன் ஆரச்சமச்சீர், அதன் லார்வாவோ இருபக்கச் சமச்சீர்.

சிக்கல் இதற்குப் பிறகு: பிளாஸ்டோபோர் (கருவில் குடலுக்கு முதலில் உண்டாகும் திறப்பு) வாயாகிறதா, ஆசனவாயாகிறதா? கூடவே செல் பிளவையும், அதாவது கரு முதலில் செல்களாகப் பிரியும் விதத்தையும் கேட்கிறோம். நத்தைக் கருவில் 4 செல் 8 ஆகும்போது மேல் நான்கும் கீழ்ச் செல்களின் இடுக்கில் சாய்ந்து உட்காரும். கடல் முள்ளெலியில் நேர் மேலே அடுக்கினாற்போல் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் குழப்பமே வராது.

ஆனால் அம்புப் புழுவில் (கடலில் வாழும் சிறு புழு) வாய், பிளாஸ்டோபோருக்கு எதிர்முனையில் புதிதாக உண்டாகிறது. உடற்குழியும் குடற்சுவர் மடிவதால் வருகிறது. படத்தின்படி அது நம் பக்கம், அதாவது மனிதரும் நட்சத்திர மீனும் இருக்கும் கிளைக்கு வர வேண்டும். மரபணு ஒப்பீடோ அதைப் பூச்சி, நத்தை இருக்கும் பெருங்கிளையில் சேர்க்கிறது. பிரையாபுலஸ் புழுவிலும் பிளாஸ்டோபோர் ஆசனவாயாகிறது. அதுவோ பூச்சிகளைப் போலத் தோலுரித்து வளரும் கூட்டம். பூச்சி முட்டையில் மஞ்சள் கரு மிகுதி, முழுப் பிளவே நடப்பதில்லை. அங்கே பிளவுக் கேள்விக்கே வேலையில்லை.

பிளாஸ்டோபோர், பிளவு கேட்கும் இந்தப் படியை எடுத்துவிட்டுத் தோலுரித்தல், டிரோகோபோர் லார்வா (மயிரிழை வளையத்தால் நீந்தும் இளம் பருவம்) என்று கேட்டால் போதுமா? மண்புழுவுக்கு லார்வாவே கிடையாதே, அதை எப்படிப் பிடிப்பது? கற்பிக்கும்போது நீங்கள் வைக்கும் கேள்வி வரிசையை அப்படியே எழுதுங்கள்.