புதுப்பிப்பு: யூஎஃப்டபிள்யூ கையேட்டுத் திருத்தங்கள்

எங்கள் லினக்ஸ் சர்வர்களுக்கான யூஎஃப்டபிள்யூ (UFW, எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் ஃபயர்வால்) கையேட்டில் உள்ள பிழைகளைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பெரும்பாலானவை திருத்தப்பட்டுவிட்டன.

முக்கியமானது கட்டளைகளின் வரிசை. பழைய கையேட்டில் முதலில் 'எனேபிள்' (ஃபயர்வாலை இயக்குவது), அப்புறம்தான் எஸ்எஸ்ஹெச்சுக்கு (SSH, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) 'அலவ்' (அனுமதி). உள்ளே வரும் இணைப்புகளை யூஎஃப்டபிள்யூ இயல்பாகவே தடுக்கும். நடுவில் செஷன் அறுந்தால் மறுபடி நுழைய வழியில்லை. டேட்டா சென்டருக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். இப்போது எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டைத் திறப்பதே முதல் படி.

'டினை' (தடுக்கும் விதி) போட்டால் எதிர்முனைக்கு மறுப்புச் செய்தி போகும் என்ற வரியும் நீங்கியது. டினை பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கைவிடும். பதில் அனுப்புவது 'ரிஜெக்ட்'.

டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் மென்பொருள்) பகுதிதான் இன்னும் பாக்கி. டாக்கர் வெளியிடும் போர்ட்டுகளுக்கான டிராஃபிக் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலே கன்டெய்னருக்குப் போய்விடும். யூஎஃப்டபிள்யூவின் 'ஸ்டேட்டஸ்' பார்த்தால் டினை என்றே காட்டும், வெளியிலிருந்து பார்த்தால் டேட்டாபேஸ் திறந்து கிடக்கும்! வெளியே தேவைப்படாத போர்ட்டுகளை 127.0.0.1-இல் (அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் வெளியிடும்படி ஒரு பத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். வேறொரு இயந்திரத்திலிருந்து சோதித்துப் பார்க்கச் சொல்லும் வரியும் அதில் உண்டு. சேர்த்ததும் சொல்கிறேன்.